மூடாமல் விட்ட போத்தல்

போர்க்காலத்தில், மட்டக்களப்பில் ஓர் ஆய்வுகூடத்தில் நானும் என் தோழி ஏறாவூர் ரிஸானாவும் வெயிலை மின்சாரமாக்கும் பொலிமர் ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். அதன் வடிவமைப்பு முழுவதும் அவளுடையது. மூலக்கூறின் பக்கக் கிளைகளை நீட்டினால் பொலிமர் நன்றாகக் கரைந்து சீரான படலமாகப் படியும், மின்சாரமும் கூடும் என்று நம்பினாள்.

ஒருநாள் மதியம் ஷெல் சத்தம் கேட்டு எல்லோரும் ஓடினோம். பொலிமர் கரைசல் இருந்த போத்தலை நான் யன்னலோரம் திறந்தபடியே விட்டுவிட்டேன். காற்றும் வெயிலும் பட்டால் அது கெட்டுவிடும் என்பது எனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்து வந்து, சத்தமில்லாமல் மூடி வைத்தேன். அந்தக் கரைசலில் செய்த சூரியக் கலத்தில் மின்சாரம் வரவேயில்லை.

"என்ன பிழை?" என்று ஆய்வை நடத்திய பேராசிரியர் கேட்டார்.

"ரிஸானாட டிசைன்தான் சரியில்ல சேர்" என்றேன்.

அவளை ஆய்விலிருந்து நீக்கினார். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வெளியே போனாள்.

மிச்சமிருந்த பொலிமர் தூளை அடுத்த மாதம் புதிதாகக் கரைத்து, கலம் செய்து பார்த்தேன். அதுவரை எங்களுக்குக் கிடைக்காத அளவு மின்சாரம் வந்தது. சோதனைச் சாவடிகளைத் தாண்டி அவள் வீட்டுக்குப் போய், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப என்ட டிசைன் சரிதானேகா?" என்று கேட்டாள். முகம் மலர்ந்திருந்தது. பிறகு மெதுவாக, "அண்டைக்கே சொல்லியிருக்கலாமே" என்றாள்.

பேராசிரியரிடமும் உண்மையைச் சொன்னேன். அதற்குள் அவளுடைய இடத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். ஆய்வுக் கட்டுரையில் அவள் பெயரை முதலில் போடத்தான் எங்களால் முடிந்தது.

இதைச் சொல்லும்போதெல்லாம், "போர்க்காலம், பயந்திருப்பாய்" என்று என் கணவர் தேற்றுவார். அந்தப் பொய்யைச் சொன்னபோது நான் பயந்தது பேராசிரியரின் ஏச்சுக்கு மட்டும்தான்.