அச்சுவேலியில் அண்ணாந்து குடித்த வைன்

இன்று அச்சுவேலியில் ஒரு திராட்சைத் தோட்டம் பார்க்கப் போனோம். புதிய கொடி இனங்களை ஒட்டுக்கட்டி ஆராய்கிறார்கள்.

கடைசியில் தோட்டக்கார அண்ணை, அந்தப் பழத்தில் செய்த வைனை ஆளுக்கொரு கிளாசில் தந்தார்.

"முதல்லை மணந்து பாருங்கோ, தம்பி."

நான் வீட்டில் தண்ணீர் குடிப்பதுபோல, வாய் படாமல் அண்ணாந்து ஊற்றினேன். மூக்கில் ஏறி, வெள்ளைச் சட்டை முழுக்கச் சிவப்பு.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"ஏன் தம்பி, எங்கடை கிளாசிலை வாய் வைக்க மாட்டியளோ?"

"பழக்கம், அண்ணை" என்றேன்.

எந்தெந்த வீட்டில் வாய் வைத்துக் குடிக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்த பழக்கம். அவருக்கும் தெரிந்திருக்கும்.

அடுத்த கிளாசை வாய் வைத்தே குடித்தேன். ருசி தெரியவில்லை.

சட்டைக் கறை போக வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மற்றதை நான்தான் தோய்க்க வேண்டும்.