சத்தம் வராத செய்தி

நேற்று பதுளை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுப் பெண், போனில் ஓடிய செய்தியை ஒரு தட்டுத் தட்டிப் பதிந்துகொண்டாள். அவ்வளவுதான் வேலை. வெளியே மழை. ஜன்னல் வழியே ஈரமண் வாசம் வந்தது. பலருக்கும் பிடித்த வாசமாம். நான் ஜன்னலை இழுத்துச் சாத்தினேன்.

பல வருஷத்துக்கு முன்பு நான் டவுனில் போட்டோகொப்பிக் கடையில் வேலை பார்த்தேன். வீடு மடுல்சீமைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து லயத்தில்; ஒரே கூரைக்கடியில் வரிசையாக ஆறு காம்பரா, காம்பராவுக்கு ஒரு குடும்பம். லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு. முதலில் விரல் நுழைந்தது, பிறகு முழங்கை வரை கை. மழைக்காலம் தொடங்கியிருந்தது. டிவிக்காரர்களோடு வந்த அதிகாரி ஒருவர், இங்கே இனி யாரும் இருக்கக் கூடாது என்று உடைந்த தமிழில் சொன்னார். மத்தியானச் செய்தியிலும் வந்தது. தங்குவதற்கு, மூடிக் கிடந்த பழைய பள்ளிக்கூடத்துச் சாவியைக் கேட்டுப் போனால், தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் கையை விரித்தார். "எங்களுக்கு அப்படி யாரும் சொல்லலியே."

மறுநாள் காலை அதே செய்தியைத் திரும்பப் போடுவார்கள். அதைப் பதிந்து அவரிடம் காட்டிவிட்டால்?

வேலை பார்த்த கடையில் கழித்த பழைய கம்ப்யூட்டர் ஒன்று என் காம்பராவில் இருந்தது. டிவியை அதற்குள் இழுக்கும் சாமானைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. டவுனில் கம்ப்யூட்டர் சாமான் விற்ற முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்போம், இரண்டை எடுத்து வைத்தார்.

"உள்ளுக்குப் பூட்டுற கார்டு நல்லது தங்கச்சி. இது சும்மா வெளிய செருகுறது, மலிவு. சத்தத்துக்கு மட்டும் நான் பொறுப்பில்ல."

கத்தரிக்காய் பார்ப்பதுபோல இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், பெரிய நிபுணி மாதிரி. மணிபர்ஸ் முடிவு செய்தது. மலிவானதோடு வந்தேன்.

காலையில் ஒரே மழை. பக்கத்துக் காம்பரா செல்வி அக்கா கொழுந்தெடுக்கப் போகாமல் என் கதவருகே நின்று, மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இரண்டு தடவை மங்கியது. மஞ்சள் வயரைச் செருகினேன். படம் விழுந்தது. அதிகாரியின் வாய் அசைந்தது. சத்தம் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"வாய் அசையுதுல்ல? எடு, போவோம்," என்றாள் அக்கா.

பதிந்ததைப் பென்டிரைவில் ஏற்றிப் போய், ஆபீஸ் கம்ப்யூட்டரில் போட்டோம். கிளாக்கர் சிரித்தார். "ஊமைப் படமா?"

செல்வி அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றாள். "இந்தா, இப்ப சொல்றாரு பாருங்க. 'இங்க ஒரு குடும்பமும் இருக்கக் கூடாது'ன்னு. நான் பக்கத்துலதாங்க நிக்கிறேன்."

ஆமாம், படத்தில் அவளும் நின்றாள். அடுத்த காட்சியில் வெடிப்புக்குள் அவள் கை முழங்கை வரை போனது. கிளாக்கரின் சிரிப்பு நின்றது. அவர் எழுந்து ஆணியிலிருந்து சாவியைக் கழற்றினார்.

"நான் குடுத்தேன்னு சொல்லிறாதீங்க."

ஆறு குடும்பமும் அன்றே பாய், சட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு ஏறிப் போனோம். மூன்றாம் நாள் காலை, வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆள் கூடும் நேரம், லொறியில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தோம்; லயம் இருந்த இடத்தில் சேறும் கல்லும்தான். செல்வி அக்கா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் உடைந்தது.

இன்று அந்தச் சரிவில் தேயிலையும் இல்லை, லயமும் இல்லை. ஆளுயர மானாப்புல். என் காம்பரா எந்த இடத்தில் இருந்தது என்று கேட்டால், விரல் நீட்டிக் காட்ட என்னால் முடியாது.