படுக்கைக்கு அருகில் ஒரு பிளக்

கப்பலில் அவளுக்கு வைத்த பெயர் டெஸ்டர் அக்கா. மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா செருகுவார்கள், இவள் கரண்டு இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டரைச் செருகுவாள். ஆயிரத்து ஐந்நூறு பேர் ஏறிச் சுற்றிப் பார்க்கும் உல்லாசக் கப்பலில் மின்வேலைக்கென்று ஆறு பேர். அதில் ஒரே பெண் இவள்.

ஊரில் தன் அக்காளைக் கட்டிய அத்தானின் கடையில் மிக்சி மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றித்தான் தொழில் படிந்தது. கப்பல் வேலைக்குப் போகிறேன் என்றதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "தண்ணிக்கு நடுவுல போய் கரண்டு வேலையா? உனக்கு வேற வம்பே கிடைக்கலையாடி?"

வந்த முதல் நாள் பிளக்கின் ஒரு துளையில் டெஸ்டரை வைத்தாள். எரிந்தது. மறு துளையில் வைத்தாள். அதுவும் எரிந்தது. "எந்தப் புண்ணியவான் இந்த ஒயரிங் பண்ணினான்?" என்று கத்தியே விட்டாள். தலைமை எலக்ட்ரீஷியன் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வீட்டுல ஒரு ஒயர்லதாம்மா கரண்டு. இங்க ரெண்டுலயும் உண்டு. கப்பல் அப்படித்தான்."

அந்த ஒரு பேச்சில் பாதி விதிகள் அவளுக்கு விளங்கிவிட்டன. கடையில் விற்கும் எக்ஸ்டென்ஷன் போர்டின் சுவிட்ச் ஒரு ஒயரைத்தான் துண்டிக்கும். இன்னொன்று கப்பலில் உயிரோடுதான் இருக்கும். அதைவிட ஆபத்து, திடீர் மின்னழுத்தத்திலிருந்து காப்பாற்றவென்று சில போர்டுகளுக்குள் வைத்திருக்கும் சின்ன வில்லை. வீட்டில் காவல்காரனாக இருப்பது இங்கே சூடேறித் தீப்பிடிக்கலாம். கடலில் தீப்பிடித்தால் வாசலைத் திறந்துகொண்டு தெருவுக்கு ஓட முடியாது. அதனால் எக்ஸ்டென்ஷன் போர்டு, இஸ்திரிப் பெட்டி, கெட்டில் எதற்கும் அனுமதி இல்லை.

கப்பல் புறப்படும் நாட்களில் பெட்டிகளைச் சோதிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு அவளை உட்கார வைப்பார்கள். பறித்த பொருளுக்குச் சீட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். பத்து வருடத்தில் அந்த மேசைக்கு முன்னால் நின்ற ஒருவரும் அவளிடம் நல்ல வார்த்தை சொன்னதில்லை.

அப்படி ஒருநாள் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். கூடவே மனைவி. அந்த அம்மாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும். மூக்கில் குழாய் மாட்டும் மிஷின் இல்லாமல் கண்ணயர முடியாது.

"ஏம்மா, பதினாலு வருஷம் சேர்த்து வச்சு வந்திருக்கோம். கொடுத்த காசுக்கு உட்கார சீட்டாவது இருக்கணும்ல? நான் அப்படித்தான் டிக்கெட் கிழிச்சேன்" என்றார் கண்டக்டர், பெட்டியிலிருந்து எடுத்த எக்ஸ்டென்ஷன் போர்டை விடாமல்.

"ரூம்லயே பிளக் இருக்குங்கய்யா."

"எந்தப் பக்கம்?"

பின்னால் வரிசை நீண்டிருந்தது. சீட்டை நீட்டினாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாங்கிப் போனார்.

மூன்றாம் நாள் காலை, அறை துப்புரவு செய்பவர் ஓடி வந்தார். கண்டக்டர் அறையில் கருகல் வாடை. அவள் முதலில் அந்த அறைக்குப் போகும் மின்சாரத்தை அணைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைந்தாள். கட்டிலடியில் ஒரு புது போர்டு ஓரம் உருகி இளகிக் கிடந்தது. கம்பளத்தில் உள்ளங்கை அகலத்துக்குக் கருப்பு. வழியில் இறங்கின ஊரில் வாங்கி, மிஷின் பைக்குள் ஒளித்து ஏற்றியிருக்கிறார்.

"தப்புதாம்மா" என்றார் கண்டக்டர். அந்த அம்மா கட்டிலில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தாள்.

திட்டுவதற்கு வாயெடுத்தவள் சுவரைப் பார்த்தாள். பிளக் இருந்தது எதிர்ச்சுவர் மேசையில். டேப்பை இழுத்து அளந்தாள். கட்டிலிலிருந்து மூன்றரை மீட்டர். மிஷினின் ஒயர் இரண்டு மீட்டர்கூட இல்லை. அவர் செய்தது தப்பு, சரி. தப்பைத் தவிர வேறு வழி வைக்காதது யார்?

பட்டறையிலிருந்த கப்பலின் சொந்தக் கேபிளை, சுவிட்சும் வில்லையும் இல்லாத கனத்த கேபிளை, அவளே கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தாள். பிறகு நேரே அறைகளைப் பார்த்துக்கொள்ளும் மேனேஜரிடம் போனாள்.

"அபராதம் போடுங்க. கதவுல பெரிய எழுத்துல நோட்டீஸ் ஒட்டுங்க" என்றார் அவர்.

"நோட்டீஸ்ல மிஷினை மாட்ட முடியாது சார். படுக்கைக்குப் பக்கத்துல ஒரு பிளக் வேணும்."

"அறுநூறு ரூம்லயுமா? கம்பெனி ஒத்துக்குமா?"

ஆனையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுகிறார்கள் என்று நினைத்தாள். மறுநாளே ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினாள்.

பயணிகள் ஊர் பார்க்க இறங்கும் நேரமெல்லாம் டேப்போடு அறை அறையாக ஏறி இறங்கி, கட்டிலுக்கும் பிளக்குக்கும் உள்ள தூரத்தை அந்த நோட்டில் குறித்தாள். மேசையில் உட்காரும் நாட்களில் போர்டைப் பறிக்கும் முன் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "இது எதுக்குங்க?" மூச்சு மிஷின், குழந்தைக்குப் பால் சூடாக்க, காது மிஷினுக்குச் சார்ஜ், போனைத் தலைமாட்டில் வைக்க. திட்டினவர்கள்கூடக் கேட்டதும் நின்று பதில் சொன்னார்கள்.

கம்பெனிக்கு எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு வரி. மூன்றாவது போனதும் மேனேஜர் கூப்பிட்டார். "உங்க வேலையை மட்டும் பாருங்க. அடுத்த காண்டிராக்ட் எழுதுற நேரம் இது."

அத்தானுக்குப் போன் போட்டாள். "வேலை போச்சுன்னா கடையில இடம் இருக்கா அத்தான்?"

"உன் ஸ்டூல் அப்படியேதான் கிடக்கு. பூனை உட்கார்ந்திருக்கு. நீ வந்தா எழுப்பிடலாம்."

சிரித்தபடி போனை வைத்தாள். பயம் போகவில்லை, ஆனால் கால் தரையில் ஊன்றியது.

வருடாந்திரப் பாதுகாப்புச் சோதனைக்கு ஆய்வாளர் வந்த அன்று, கேப்டனும் மேனேஜரும் உட்கார்ந்திருந்த அறைக்குள் அனுமதி கேட்டுப் போனாள். உருகின போர்டையும் நோட்டுப் புத்தகத்தையும் மேசைமேல் வைத்தாள். ஆய்வாளர் நாலைந்து பக்கம் புரட்டினார்.

"இதுவரைக்கும் எத்தனை போர்டு பிடிச்சீங்க?"

"இந்த வருஷம் நானூத்திப் பன்னெண்டு சார். பிடிக்காம விட்டது எத்தனைன்னு தெரியாது. பயம் அதுலதான்."

கேப்டன் அந்தக் கருகல் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தார். ஆய்வாளரின் அறிக்கையில் அது ஏறிவிட்டது. அறிக்கையில் ஏறினதைக் கம்பெனி பரிசீலனையில் வைத்துக்கொண்டிருக்க முடியாது.

ஆனாலும் முழுதாகக் கிடைக்கவில்லை. அடுத்த பழுதுபார்ப்பில் முந்நூறு அறைகளுக்குத்தான் அனுமதி. மேல்தளத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றார் மேனேஜர்.

"மேல எல்லா ரூம்லயும், படுக்கைக்குத் தள்ளியிருந்தாலும், ரெண்டு பிளக் இருக்கு சார். ஜன்னல் இல்லாத கீழ் ரூம்லதான் சேர்த்து வச்சு வர்றவங்க படுக்கிறாங்க. கீழயிருந்து வருவோம்." அந்த ஒன்றில் மட்டும் இம்மியும் நகரவில்லை அவள். காண்டிராக்டையும் கடைசியில் எழுதித்தான் கொடுத்தார்கள். இத்தனை அறையின் அளவும் வேறு யாருக்குத் தெரியும்?

பழுதுபார்க்கக் கப்பல் கரையேறிக் கிடந்த மூன்று வாரமும் இரும்புத் தூளும் வியர்வையுமாக, ஆறு பேரும் சுவரைத் துளைத்து ஒயர் இழுத்தார்கள். முந்நூறாவது அறையைச் சோதித்துக் கையெழுத்துப் போட்ட கையோடு, மீதி முந்நூறின் பட்டியலை மேனேஜரிடம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

"மூச்சு விட விடும்மா" என்றார் அவர்.

"விடுங்க சார். நாளைக்கு வந்து கேட்கிறேன்" என்றாள்.