நின்றுகொண்டிருந்தவரைக் காப்பாற்றியது

பத்தொன்பது வயதில் நான் ஒரு வீரனாக இருந்தேன். ஏறக்குறைய ஐந்து நிமிடம். அதற்குப் பிந்திய எட்டு மாதமும் அந்த ஐந்து நிமிடத்தை வைத்தே காலம் தள்ளினேன்.

நடந்தது இதுதான். எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடும் எங்கள் அனலைதீவு மருத்துவமாது, ஊர்காவற்றுறை வள்ளத்தில் ஏறும்போது வழுக்கிக் கடலில் விழுந்தார். நான் குதித்தேன். வள்ளமோட்டி கயிறு எறியும்வரை அவரைத் தூக்கிப் பிடித்திருந்தேன். யாரோ அதைப் போனில் படம் எடுத்துவிட்டார்கள். பொழுதுபடுவதற்குள் கனடாச் சித்தப்பா முதல்முறையாக என்னோடு பேசினார். கோயிலில் பொன்னாடை போர்த்தினார்கள். கொளுத்தும் வெயிலில் அதைக் கழற்றாமலே வீடு வந்து சேர்ந்தேன்.

பிறகு ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மாட்டுக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னார். உயிர் காத்தவனிடம் சொல்லும் வேலையா இது? தேநீர்க்கடையில் கதையை நானே தொடங்க வேண்டியதாயிற்று. சொல்லும்தோறும் அலை ஒரு முழம் வளர்ந்தது.

இதற்கிடையில் யாழ்ப்பாணத்தில் மின்னியல் படிக்க இடம் கிடைத்தது. திங்கட்கிழமை போய்ச் சேராவிட்டால் இடம் போய்விடும். அப்பா புதுப் பையே வாங்கி வைத்துவிட்டார். அம்மாவைத் தனியே விட ஏலாது என்று சாக்குச் சொன்னேன். அம்மாவுக்கே சிரிப்பு வந்தது. உண்மை வேறு. யாழ்ப்பாண பஸ்ஸில் நான் யார்? பையோடு நெரிபடும் ஒரு தீவுப் பொடியன். இங்கே இன்னொருவர் விழுந்தால் நான் மறுபடியும் நானாகலாம். யாராவது விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை காலை வேண்டுதல் பலித்தது. துறைக்குச் சற்றுத் தள்ளி ஒரு தலை தண்ணீருக்குள் போனது, வந்தது, மறுபடி போனது. வள்ளத்துக்குக் காத்திருந்த சனம் அசையவில்லை.

"பாத்துக்கொண்டு நிக்கிறியளோ!" என்று கத்திவிட்டுக் குதித்தேன்.

அந்த ஆள் என்னைக் கண்டு கையை ஆட்டினார். உதவி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பின்பக்கமாகப் போய்க் கழுத்தைப் பிடித்து இழுத்தேன். காலில் ஏதோ சிக்கியது. உதைத்தேன்.

"எடேய், விடடா! வலையைக் கிழிக்காதை!"

களங்கண்டி வலை. ஆழமில்லாத கடலில் தடி நட்டுக் கட்டுவார்கள். அடிக்கயிறு அவிழ்ந்தால் மூழ்கித்தான் முடிச்சுப் போட வேண்டும். தீவில் நடை பழகும் பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரியும், அப்பாவுக்கு நானே தடி பிடித்திருக்கிறேன்.

"நான் நிக்கிறன்ரா," என்றார் அவர். "நீயும் காலை ஊண்டிப் பார்."

ஊன்றினேன். தண்ணீர் நெஞ்சளவுதான் இருந்தது.

துறையில் எழுந்த சிரிப்பு கடலுக்குள் நன்றாகவே கேட்டது. நான் கிழித்த இடத்தை அவர் பொத்தித் தைத்து முடிக்கும்வரை தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கரையேறியபோது மிஸ்ஸி குடையோடு நின்றிருந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

"தம்பி, நீர் யாழ்ப்பாணம் போகேல்லையோ?"

"யோசிக்கிறன் மிஸ்ஸி."

"போம். இருவது வருசமா இந்தத் தீவிலை பிள்ளைப்பேறு பாக்கிறன். இப்ப நான் ஆரெண்டு கேட்டா, கடலுக்கை விழுந்தவ எண்டுதான் சனம் சொல்லுது. நீர் கதையைத் தொடங்கிற நேரமெல்லாம் நான் இன்னொருக்கா விழவேண்டிக் கிடக்கு."

எட்டு மாதத்தில் ஒரு தடவைகூட எனக்கு இது தோன்றவில்லை. ஈர உடுப்போடு தலை குனிந்து நின்றேன்.

"உம்மையும் நான் இந்தக் கடலிலைதான் எடுத்தனான். ஆசுப்பத்திரிக்குப் போற வழியிலை, வள்ளத்துக்கை. தொப்புள்கொடி கழுத்தைச் சுத்தி நீலம் பாரிச்சுக் கிடந்தனீர். நான் அதைத் தேத்தண்ணிக் கடையிலை சொல்லித் திரிஞ்சனானோ?"

அந்தக் கதை எனக்குத் தெரியும். அம்மா நூறு தடவை சொல்லியிருக்கிறார். அதிலும் வீரன் நான்தான் என்றே இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் வள்ளத்துக்குப் போனேன். மிஸ்ஸி ஏற்கெனவே உள்ளே இருந்தார். நான் விளிம்பில் தயங்கி நிற்பதைக் கண்டு, "பாத்து ஏறும்," என்று கையை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன்.