பழைய கோயிலில் பெண் பார்த்தார்கள்

எங்கள் சனத்தில் பெண் பார்க்க வீட்டுக்கு வருவது இப்போது குறைந்துவிட்டது. வீட்டுக்கு வந்து, கேசரி தின்று, பிடிக்கவில்லை என்று போய்விட்டால் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். அதனால் கோயிலில் பார்ப்பார்கள். நாங்கள் கத்தோலிக்கர்கள், சர்ச் என்று சொல்வதில்லை, கோயில் என்றுதான் சொல்வோம். இரண்டு வீட்டாரும் ஒரே நாளில் ஒரே கோயிலுக்குத் தற்செயலாக வந்த மாதிரி நடிப்பார்கள். பிடித்தால் பேச்சு தொடரும். பிடிக்காவிட்டால் கோயில் பார்க்க வந்தோம், பார்த்தோம், போகிறோம். இதில் யாருக்கும் அவமானம் இல்லை என்று நியாயம் வேறு சொல்வார்கள். அந்த நியாயத்தைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் பெண்ணைப் பெற்றவர் இல்லை.

என்னைப் பார்த்த கோயில் ஆவூர்ப் பக்கம், தைலமரக் காட்டைத் தாண்டி ஒரு கண்மாய்க்கரையில் இருக்கிறது. ஊர் சின்னது, கோயில் பெரியது. வெள்ளைக்காரச் சாமியார்கள் வந்த காலத்தில் கட்டியது. எத்தனை வருஷம் ஆயிற்று என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சுவரின் கனத்தில் ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கலாம். சன்னல்கள் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே பொழுது சாய்ந்த மாதிரிதான் இருக்கும். தரையில் பழைய சாமியார்களைப் புதைத்த கற்கள் பதிந்திருக்கின்றன. அவற்றில் இருந்த எழுத்தைச் சனங்கள் நடந்து நடந்தே தேய்த்துவிட்டார்கள். நல்ல கோயில். அதன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

எனக்கு அப்போது முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது. புதுக்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். முன்பு வந்த வரன்கள் நிறம், உயரம், வயசு என்று எதையாவது சொல்லித் தட்டிப் போயிருந்தன. இந்த மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. போட்டோவில் பார்த்தபோதே எனக்குப் பிடித்துவிட்டது. இதைச் சொல்ல எதற்கு வெட்கப்பட வேண்டும்? இந்த ஒன்றாவது அமைந்துவிட வேண்டும் என்று அந்த வாரம் முழுக்கச் செபமாலை சொன்னேன்.

பயம் என்று இருந்தது ஒன்றே ஒன்றுதான். என் இடது குதிகாலில் ஒரு தழும்பு உண்டு. நடை பழகும் வயசில் கொதிக்கிற கஞ்சி கொட்டித் தோல் உரிந்து, ஆறிய இடம் வெள்ளையாக நின்றுவிட்டது. அம்மா இதைத் தரகரிடம் முதலிலேயே சொன்னாள். “இதெல்லாம் ஒரு விசயமாங்க? நான் சொல்லிக்கிறேன், விடுங்க” என்றார். சொன்னாரா, என்னவென்று சொன்னார் என்பது அவருக்கும் அவரைப் படைத்தவருக்கும்தான் வெளிச்சம்.

சனிக்கிழமை காலையில் அப்பா, அம்மா, நான் மூன்று பேரும் ஆட்டோவில் போய் இறங்கினோம். அவர்கள் காரில் வந்து காத்திருந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அம்மாவின் தங்கையான சித்தி. வாசலில் எல்லாரும் செருப்பைக் கழற்றினோம். சித்தியின் கண் அப்போதே என் காலுக்கு வந்தது. என் சேலை தரையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் ஏமாந்து திரும்பியது. புதுக் கொலுசா என்று பார்க்கிறார் போல என்று நினைத்தேன். அவ்வளவு வெகுளி நான்.

உள்ளே போனதும் ஆறு பேரும் சுற்றுலா வந்தவர்களாக மாறினோம். அப்பா வளைவைப் பார்த்தார். அம்மா மாதா சுரூபத்தைப் பார்த்தாள். மாப்பிள்ளை மட்டும்தான் நிஜமாகவே கோயிலைப் பார்த்தார். அண்ணாந்து போனில் படம் எடுத்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து, “மேல ஒரு மரக்கட்டைகூட இல்ல, பாத்தீங்களா? எப்புடி நிக்குதுன்னே தெரியல” என்றார். நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு வௌவால் பறந்தது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் குனிந்து, ஒரே நேரத்தில் சிரித்துவிட்டோம். போட்டோவில் இருந்ததைவிட நேரில் நன்றாக இருந்தார். சரி, இது முடிந்த மாதிரிதான் என்று மனசு சொன்னது.

அப்போதுதான் அவருடைய அம்மா என் கையைப் பிடித்தார்.

“ஏம்மா, கல்யாணக் காரியம் பேச வந்தா இங்கன வாசல்லேருந்து பீடம் வரைக்கும் முட்டி போட்டுப் போயி மாதாவக் கும்பிடணும். அது எங்க பக்கத்து வழக்கம். எனக்கு முட்டிவலி, முடியாது. நீ போயிட்டு வா, தங்கம்.”

கல்யாணக் காரியம் என்றார். தங்கம் என்றார். என் காதில் அந்த இரண்டு வார்த்தைதான் விழுந்தது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து இருந்தன. வாசலுக்குத் திரும்பிப் போய் மண்டியிட்டேன்.

சேலை கட்டிக்கொண்டு முழங்காலில் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முன்கொசுவத்தைத் தூக்கிப் பிடிக்காமல் ஒரு அடி நகர முடியாது. முன்னால் தூக்கினால் பின்னாலும் ஏறிக்கொள்ளும். கல் முழங்காலைச் சுரண்டியது. அது எனக்கு ஒரு பொருட்டாகவே இல்லை. “இருட்டா இருக்கு, நான் வெளிச்சம் காட்டுறேன்” என்று சித்தி செல்போன் டார்ச்சைப் போட்டுக்கொண்டு பின்னால் வந்தார். எவ்வளவு நல்ல மனுஷி என்று நினைத்தேன். அந்த வீட்டில் எனக்கு ஒரு துணை கிடைத்துவிட்டது என்றுகூட நினைத்தேன்.

பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது. வெளிச்சம் எனக்கு முன்னால் விழவே இல்லை. கீழேயே, என் காலடியிலேயே நின்றது. எனக்கு முன்னால் இருட்டுதான் இருந்தது. பின்னால் துணி சரசரத்தது. சித்தி குனிந்திருக்க வேண்டும். குரல் என் இடுப்பு உயரத்திலிருந்து வந்தது.

“அக்கா. இருக்கு.”

அவ்வளவுதான். சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்கூட மாட்டிடம் பொய் சொல்வதில்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் தொடங்கிய வேண்டுதலைப் பாதியில் விட்டால் ஆகாது என்று சின்ன வயசிலிருந்து ஊட்டிய பயம் என்னை எழ விடவில்லை. மீதித் தூரத்தையும் முழங்காலிலேயே போனேன். டார்ச் வெளிச்சமும் கடைசிவரை கூடவே வந்தது. ஒருமுறை பார்த்தது போதாதா உங்களுக்கு?

பீடத்தின் அடியில் நான் எழுந்து நின்றபோது அம்மா ஓடி வந்துவிட்டாள். அவளுக்கும் கேட்டிருந்தது. “அது கஞ்சி கொட்டுன தழும்புங்க. சின்னப் புள்ளைல கொட்டுனது. தரகர்ட்ட அப்பவே சொன்னேனுங்களே” என்று கையைப் பிசைந்தாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்குச் சிரித்த முகம் மாறவில்லை.

“சரிங்க, சரிங்க. நாங்க ஒண்ணும் சொல்லலயே. இவ்வளவு தூரம் வந்துட்டோம், ஒரு செபம் சொல்லிட்டுக் கெளம்புவோம். எல்லாம் இங்கிட்டு வாங்க.”

மாப்பிள்ளையைப் பார்த்தேன். ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். போனைப் பைக்குள் வைத்துக்கொண்டு, கைகளைக் கூப்பி, கண்ணை மூடிக்கொண்டார். செபம் என்று சொன்ன பிறகு யார் வாயைத் திறக்க முடியும்? வரிசையாக நின்றோம். மாப்பிள்ளையின் அம்மா என் தலையில் கை வைத்தார். கை சூடாக இருந்தது.

“எங்கள் பரம தந்தையே, இந்தப் பிள்ளையின் காலில் வந்திருக்கிற வெள்ளைநோயை நீரே குணமாக்கும். அது உடம்பு முழுக்கப் பரவாமல் காத்தருளும். இதை மறைத்து வாழுகிற பெற்றோருக்கு மன்னிப்பும் ஆறுதலும் தாரும். இவளை ஏற்றுக்கொள்ளும் நல்ல மனசுள்ள வேறொரு குடும்பத்தைக் காட்டியருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம்.”

அந்தக் கடைசி வரியைக் கேட்டால் கத்தோலிக்கனுக்கு வாய் தானாகத் திறந்துவிடும். பிறந்ததிலிருந்து பழகிய வாய் அது. என் அப்பா அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், விசில் தேவைப்படாத தொண்டை. எங்கள் பங்குக் கோயிலில் ஞாயிற்றுக்கிழமைதோறும் முதல் குரல் அவருடையதுதான்.

“ஆமென்!” என்றார் அப்பா.

அந்தப் பெரிய கூரை அதை வாங்கித் திருப்பிச் சொன்னது. சித்தி சொன்னார். மாப்பிள்ளையும் சொன்னார். ஆமென் என்றால் அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம். இல்லாத நோயைக் குணமாக்கும்படி யாராவது கேட்பார்களா? தான் எதற்குச் சம்மதித்தோம் என்பது அப்பாவுக்கு அப்புறம்தான் விளங்கியது. வாய் திறந்தபடியே நின்றது. சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வழி தேடுகிறவர் போல எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அம்மா தலையைத் திருப்பிக்கொண்டாள்.

அந்த அம்மாளின் கொண்டையைப் பிடித்து இழுக்க வேண்டும் போல எனக்குக் கை பரபரத்தது. ஆனால் அப்பாவின் முகத்தைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அந்த ஒரு வார்த்தையோடு அவரைத் தனியாக நிற்கவிட எனக்கு மனசு வரவில்லை. எல்லாருக்கும் கேட்கும்படி நானும் ஆமென் என்றேன்.

மாப்பிள்ளையின் அம்மா சிலுவை போட்டுக்கொண்டு, பெஞ்சில் வைத்திருந்த கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். குரலைத் தணிக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தங்கையிடம் சொன்னார்:

“பாத்தியா? அந்தப் புள்ளையே ஒத்துக்கிருச்சு.”