நாலு வார்த்தைப் போஸ்டர்

போன வாரம் அருள்புரம் டீக்கடையில் நின்றபோதுதான் கவனித்தேன். மாலைப் பத்திரிகை போஸ்டர் மாட்டும் கம்பிச் சட்டத்தில் இப்போது சிப்ஸ் பாக்கெட்டுகள் சரமாகத் தொங்குகின்றன. கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. சிப்ஸாவது விற்கிறது.

அந்தச் சட்டத்தில் தொங்கியதை எழுதும் வேலை எனக்கு நான்கு வருஷம் இருந்தது. திருப்பூரில் அச்சான ஒரு சின்னப் பத்திரிகை. உதவி ஆசிரியர் என்று பெயர்; உண்மையில் போஸ்டர் ஆசாமி. பஸ்ஸில் போகிறவர் கண்ணில் பட வேண்டும் என்பதால் நாலு வார்த்தைதான், அதுவும் குட்டை வார்த்தையாக. 'தொழிலாளர்கள்' என்று போட்டால் எழுத்து சிறுத்துவிடும். "எறும்பு ஊர்ற மாதிரி இருக்குதுங்க, பெருசாப் போடுங்க" என்பார் ஆசிரியர். நீள வார்த்தைகளை வெட்டுவதில் நான் கெட்டிக்காரனானேன். அதில் கொஞ்சம் பெருமை வேறு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஐந்து ஒடிசாக்காரர்கள் வாடகை வீடு தேடி அருள்புரத்தில் தெருத் தெருவாக அலைந்திருக்கிறார்கள். யாரோ சந்தேகப்பட்டுப் போன் செய்ய, போலீஸ் விசாரித்து, பனியன் கம்பெனி ஆட்கள்தான் என்று விட்டுவிட்டது. ஆறாம் பக்கத்தில் இதையெல்லாம் ஒழுங்காகத்தான் எழுதினேன். போஸ்டரில் மட்டும், 'அருள்புரத்தில் சுற்றிய வடமாநிலக் கும்பல்!'

திங்கட்கிழமை சாயங்காலம் இதே கடையில் பிகாஷ் நின்றிருந்தான். என் வீட்டுக்கு எதிர் லைன் வீட்டில் இரண்டு வருஷமாக மூன்று பேரோடு குடியிருந்தவன்; அவனும் ஒடிசாக்காரன்தான், ஒரு பனியன் கம்பெனியில் இஸ்திரி போடும் அயர்ன் மாஸ்டர். தினமும் என் போஸ்டரை எழுத்துக்கூட்டித்தான் தமிழ் படிக்கப் பழகினான். அன்றும் டீ ஆறுவது தெரியாமல் கடைசி எழுத்துவரை வந்துவிட்டுக் கேட்டான்.

"கும்பல்னா என்னண்ணா?"

"நாலஞ்சு பேரு சேர்ந்து இருந்தா அப்படிச் சொல்றதுதான்" என்றேன்.

"அப்போ எங்க ரூமும் கும்பல்" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன்.

மறுநாள் காலை, லைன் வீட்டுக்காரம்மா ஈஸ்வரியக்கா, பிகாஷையும் மற்ற மூன்று பேரையும் காலி செய்யச் சொல்லிவிட்டார். நான் ஓடினேன்.

"அக்கா, அந்தப் போஸ்டரை எழுதுனதே நானுங்க. உள்ள படிச்சுப் பாருங்க, அவங்க மேல ஒரு தப்பும் இல்லீங்க. பிகாஷ் அந்த அஞ்சு பேர்லயும் இல்லீங்க."

"பேப்பர்காரரு நீங்க. விவரம் தெரியாமயா எழுதுவீங்க? பொட்டப்புள்ளைக இருக்கிற ஊடுங்க" என்றார், மிகுந்த மரியாதையோடு.

நான் தெருவைத் தாண்டி வீட்டுக்குத் திரும்பினேன்.

மத்தியானம் கேஸ் அடுப்பையும் பாய்களையும் ஆட்டோவில் ஏற்றினார்கள். பிகாஷ் என்னைப் பார்த்தான். அந்த வார்த்தைக்கு அர்த்தம் அதற்குள் அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. அப்புறம் அதுவும் மரத்துப்போயிற்று. அன்றைய போஸ்டரையும் நான்தான் எழுதினேன்.

பத்திரிகை நின்று பல காலமாயிற்று. அதே வார்த்தை இப்போது தினமும் செல்போனில் வருகிறது, யார் எழுதியது என்றே தெரியாமல். கட்டைவிரலால் தள்ளிவிடுகிறேன், மனசில் ஒன்றும் ஓடுவதில்லை. டீயோடு நின்று, எழுத்துக்கூட்டி, அர்த்தம் கேட்க பிகாஷ் இல்லை. கேட்டால் இன்றைக்காவது சரியாகச் சொல்லுவேன் என்று நினைக்கிறேன். அதுவும் நிச்சயமில்லை.