என் ஆம்பில் நான் வைத்த குங்குமப் பொட்டு

கடலலை மாதிரி ததும்பும் சர்ஃப் கிட்டார் இசையை வீடியோ பார்த்தே கற்றுக்கொண்டவள் நான். அதற்கு எதிரொலிதான் உயிர். கிட்டார் ஒலியைப் பெருக்கித் தரும் என் பழைய ஆம்புக்குள் இருந்த ஸ்பிரிங்கில் அது அப்படியே கிடைக்கும்.

போன மாதம் ஆம்ப் கரகரத்தது. நம் கிட்டார் குழுவில் எல்லோருக்கும் யோசனை சொல்லும், பாணேர் பகுதியில் குடியிருக்கும் தம்பியிடம் கேட்டேன்.

“அது தேறாதுக்கா. உங்க பட்ஜெட்ல ரிப்பேர் பண்றது வேஸ்ட். வித்துத் தள்ளிட்டு எதிரொலிக்கு ஒரு ரிவெர்ப் பெடல் வாங்கிடுங்க. அதை வாங்க ஆள் நானே அனுப்புறேன்.”

வந்தவர் பேரம்கூடப் பேசவில்லை. “டீக் ஹை” என்று இந்தியில் சரி சொல்லி, நான் கேட்ட விலைக்கே எடுத்துப் போனார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இன்று காலை தம்பி வீடியோ போட்டிருக்கிறார். ‘புதுசா கிடைச்ச பொக்கிஷம்’ என்று தலைப்பு. அவருக்குப் பின்னால் ஓர் ஆம்ப். அதன் முன்துணியின் மூலையில் குங்குமப் பொட்டு. போன ஆயுத பூஜைக்கு நான் வைத்தது. துணியில் ஊறி, எவ்வளவு துடைத்தும் போகவில்லை.

போன் செய்தேன்.

“இதே மாடல் ஊர்ல நிறைய இருக்குக்கா.”

“இருக்கும் தம்பி. எல்லாத்துக்கும் நானா பொட்டு வச்சேன்?”

“ஒரு வயர்தான்க்கா லூஸா இருந்துச்சு” என்றார்.

வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து வாங்கிய பெடலில் எதிரொலி தகரக் குடத்துக்குள் இருந்து வருவதுபோல் கேட்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வார்த்தைக்கு வார்த்தை வந்த அந்த ‘அக்கா’வைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஆயுத பூஜை வருகிறது. பொட்டு வைக்க நான் பாணேருக்கே போகட்டுமா? நீங்களே சொல்லுங்கள்.